படிக்கிற கண் யாருடையது?

கேள்வி: எனக்கு வயது 68. நான் தினமும் சிறுகதை படிக்கிற ஒரு இணையதளம் போன மாதம் புதுக்கோலம் பூண்டது. இப்போது எழுத்தெல்லாம் நூல் மாதிரி மெலிந்து, சாம்பல் நிறத்தில் வருகிறது. லேப்டாப்பில் நானே இதை மாற்ற முடியுமா? மாற்றினால் தளத்துக்காரர்கள் கோபித்துக்கொள்வார்களா?
- ஓய்வுபெற்ற ஆசிரியை, மன்னார்குடி

பதில்: கோபித்தால் கோபிக்கட்டும், டீச்சர். மாற்றம் நடப்பது உங்கள் திரையில் மட்டும்தான்.

நான் அச்சகத்தில் ஈய எழுத்து கோத்துத் தொழிலுக்கு வந்தவன். எந்தக் கதைக்கு எழுத்து எத்தனை பாயிண்ட் அளவு என்பதை அங்கே நாங்கள்தான் முடிவு செய்வோம். வாசகர் கண்ணாடியை மாற்றிக்கொள்ளலாம், பத்திரிகையை மாற்ற முடியாது. இணையப் பக்கம் அப்படியில்லை. அதன் தோற்றத்துக்கான சிஎஸ்எஸ் விதிகள் 1996-ல் முதலில் வந்தபோது, தளத்துக்காரரும் வாசகரும் ஒரே விஷயத்தில் அடம்பிடித்தால் தளத்துக்காரர் சொல்தான் நிற்கும். 1998-ல் வந்த இரண்டாம் பதிப்பில் அதை அப்படியே திருப்பிப் போட்டார்கள். பெரிய எழுத்தும் வேறு நிறமும் தேவைப்படுகிற உங்களைப் போன்றவர்களை நினைத்துத்தான்.

தமிழுக்கு அந்த உரிமை உடனே கிடைக்கவில்லை. 2000 வாக்கில் தமிழ்த் தளங்களுக்குப் போனவர்களுக்கு நினைவிருக்கும்: திஸ்கி, டாப், டாம், பாமினி என்று தளத்துக்கு ஒரு எழுத்துக் குறியீட்டு முறை, ஆளுக்கொரு ஃபாண்ட். அதை இறக்கி நிறுவாவிட்டால் திரை முழுக்க ஐரோப்பியக் கிறுக்கல்தான். ஆங்கில, ஐரோப்பிய எழுத்துகளுக்கான இடங்களில் தமிழைக் குடியேற்றியிருந்ததால், ஃபாண்டை மாற்றினால் கதையே அழிந்துவிடும். ஒவ்வொரு மொழியின் எழுத்துக்கும் தனி எண் தரும் யூனிகோடு பரவிய பிறகே எழுத்து வேறு, அதன் உருவம் வேறு என்றானது. உங்கள் கேள்விக்கே அப்புறம்தான் அர்த்தம் வந்தது.

சரி, வேலைக்கு வருவோம். ஃபயர்பாக்ஸ் பிரவுசரில் கதையைத் திறந்து, முகவரிப் பட்டையின் வலது ஓரத்தில் தாள் போன்ற சிறு படம் தெரிகிறதா பாருங்கள். அதைத் தட்டினால் விளம்பரம், அலங்காரம் எல்லாம் விலகி, கதை மட்டும் நிற்கும். அளவையும் நிறத்தையும் அங்கேயே மாற்றலாம். உங்களுக்கு இதுவே போதும் என்று நினைக்கிறேன்.

போதாவிட்டால் செட்டிங்ஸில் ஃபாண்ட்ஸ் பகுதிக்குப் போய், அட்வான்ஸ்டு பொத்தானை அழுத்துங்கள். தமிழைத் தேர்ந்து, மிகக் குறைந்த அளவு 18 என்று வையுங்கள். பக்கங்களே தங்கள் ஃபாண்டைத் தேர்ந்துகொள்ள அனுமதிக்கும் டிக்கையும் எடுத்துவிடுங்கள். பலன் தெரியாவிட்டால் லத்தீனுக்கும் அதே அளவைக் கொடுங்கள். தமிழ்ப் பக்கத்தை ஆங்கிலம் என்று அறிவித்து வைத்திருக்கும் தளங்கள் உண்டு. டிக்கை எடுத்ததும் சில தளங்களில் பொத்தான் படங்கள் கட்டங்களாகிவிடும். பயப்படாதீர்கள், அவற்றையும் ஃபாண்டாகவே செய்து வைத்திருக்கிறார்கள்.

கேள்வி: பார்த்துப் பார்த்துத் தேர்ந்த ஃபாண்டை வாசகர் ஒரே டிக்கில் தூக்கிவிட்டால் எங்கள் உழைப்பு என்னாவது?
- வலை வடிவமைப்பாளர், கோவை

பதில்: மேலே டீச்சர் எழுதியதைப் படித்தீர்களா? ஆங்கிலத்துக்கு அளந்த வரி இடைவெளியில் தமிழைத் திணித்தால் மேல்வரி 'சூ'வின் கால் கீழ்வரி 'கீ'யின் சுழியில் இடிக்கும். தடித்த வடிவம் இல்லாத ஃபாண்டைத் தடிக்கச் சொன்னால் பிரவுசர் தானே ஊதிப் பெருக்கும். 'ண'வும் 'ஞ'வும் மைக்கறையாகிவிடும். (நாங்கள் தேய்ந்த ஈயத்தில் அடித்தது இதைவிட நன்றாக இருந்தது.) அளவைப் பிக்சலில் பூட்டாமல் 'ரெம்' என்ற அலகில் கொடுங்கள், வாசகர் தன் பிரவுசரில் வைத்த அளவை அது மதிக்கும். அப்புறம், கைப்பேசியில் விரலால் விரித்துப் பெரிதாக்குவதைத் தடுக்கும் ஒரு வரி உங்கள் பக்கத்தில் இருந்தால் இன்றைக்கே எடுத்துவிடுங்கள். ஐபோனின் சஃபாரி அந்தத் தடையை 2016-லேயே மதிப்பதை நிறுத்திவிட்டது.