காரணம் சொல்லாமல் மாற்றிவிட்டுப் போகிறார்கள்: விக்கிப்பீடியா கேள்வி பதில்

தமிழ் விக்கிப்பீடியாவில் பல வருடங்களாக எழுதுகிறேன், திருத்துகிறேன், அவ்வப்போது சண்டையும் போட்டிருக்கிறேன். புதிதாக எழுத வந்தவர்கள் கேட்டவற்றுக்குத் தெரிந்த அளவில் பதில் சொல்கிறேன்.

அக்கா, எங்கள் ஊர்க் கண்மாய் பற்றி ஒரு கட்டுரை எழுதினேன். மறுநாள் பார்த்தால் இரண்டு பத்தி காணோம். ஒரு வார்த்தை சொல்லாமல் நீக்கியிருக்கிறார்கள். திருப்பிப் போட்டுவிடலாமா?

போடலாம். அதற்கு முன் பக்க வரலாற்றைத் திறந்து, முந்தைய பதிப்பையும் இப்போதையதையும் ஒப்பிட்டுப் பாருங்கள். பாதிப் பேர் இதைச் செய்வதே இல்லை. பத்தி நீங்கியிருக்காது, வேறு உட்தலைப்புக்குக் கீழே போயிருக்கும். அல்லது மேற்கோள் இல்லாத வரிகள் மட்டும் போயிருக்கும்.

வரலாற்றில் சிவப்பில் −1,840 என்று பார்த்துப் பதற வேண்டாம். அது எழுத்துக் கணக்கல்ல, பைட் கணக்கு. தமிழில் மெய்யின் புள்ளியும் உயிர்மெய்க் குறியும் தனித்தனியாகச் சேரும், ஒவ்வொன்றும் 3 பைட். ‘தமிழ்’ என்ற ஒரு சொல்லே 15 பைட். ஆங்கிலக் கட்டுரையில் பெரிய வெட்டாக இருக்கும் எண், நமக்கு ஒரு சிறு பத்திதான்.

பிறகு நீக்கியவரின் மற்ற பங்களிப்புகளைப் பாருங்கள். பத்துப் பக்கங்களில் ஒழுங்காக வேலை செய்தவர் என்றால் ஏதோ காரணம் இருக்கும். பேச்சுப் பக்கத்தில் “கண்மாயின் மடைகள் பற்றிய பத்தியை எடுத்திருக்கிறீர்கள். சான்று போதவில்லையா?” என்று கேளுங்கள். “ஏன் அழித்தீர்கள்?” என்று ஆரம்பித்தால் வேறு மாதிரி பதில் வரும். இரண்டு மூன்று நாளில் பதிலே இல்லையென்றால், சான்றோடு திரும்பச் சேருங்கள்.

ஒருவர் ஔவையார் என்று இருந்ததை ஔவையார் என்றே மாற்றியிருக்கிறார். எண்ணிக்கையை ஏற்றிக்கொள்ளத்தானே இந்த வேலை? மீளமைத்துவிட்டேன்.

ஐயோ. நானும் இதையே செய்திருக்கிறேன், அதுவும் இரண்டு முறை. அந்த மனிதர் மூன்றாம் முறை மாற்றியபோதுதான் பக்கத்தில் இருந்த எண்ணைக் கவனித்தேன்: −3.

பழைய ‘ஔ’ உண்மையில் ‘ஒ’வும் ‘ள’வும் அடுத்தடுத்துத் தட்டியது. கண்ணுக்கு ஒன்றுதான். கணினிக்கு அது ‘ஒளவையார்’, அதாவது ‘ஒளி’, ‘ஒளவை’ என்று ஒகர வரிசையில் போய் உட்காரும் சொல். சரியான ‘ஔ’ ஒரே எழுத்து, அதனால்தான் மூன்று பைட் குறைந்தது. சரியாகத் தட்டித் தேடுகிறவருக்கு உங்கள் பக்கம் அகப்படாது. பகுப்பில் (ஒரே வகைக் கட்டுரைகளின் பட்டியலில்) அகரவரிசையும் கெடும். அவர் செய்தது நல்ல வேலை, சொல்லாமல் செய்ததுதான் குறை.

இதன் தம்பி ஒருவன் உண்டு: தமிழ் எண் ௭. பழைய நூல்களை ஒளியெழுத்துணரியில் (படத்தில் உள்ள எழுத்தைப் படித்துத் தரும் மென்பொருள்) போட்டு எடுத்தால் ‘எ’ வரவேண்டிய இடத்தில் ஏழு வந்து நிற்கும். ‘௧’ என்ற ஒன்றும் ‘க’வாக வேடம் போடும். இங்கே பைட் வித்தியாசமும் 0 தான் காட்டும். ஆகவே ஒன்றுமே மாறாத மாதிரி ஒரு திருத்தம் தெரிந்தால், திட்டுவதற்கு முன் அந்தச் சொல்லைப் படியெடுத்துத் தேடுபெட்டியில் ஒட்டிப் பாருங்கள்.

நான் யாழ்ப்பாணத்தில் ஆசிரியர். ‘திகதி’ என்று எழுதியதைத் ‘தேதி’ என்று மாற்றுகிறார்கள். ‘ரொறன்ரோ’வை ‘டொராண்டோ’ ஆக்குகிறார்கள். எங்கட தமிழ் தமிழில்லையோ?

தமிழ்தான், சேர். மாற்றியவர் சென்னைப் பள்ளிக்கூடத்துப் பழக்கத்தில் பிழைதிருத்தம் என்று நினைத்துச் செய்திருப்பார்.

ஆங்கில விக்கிப்பீடியா இந்தத் தலைவலியை நமக்கு முன்பே பட்டது. தயிருக்கான ஆங்கிலச் சொல்லில் ‘எச்’ வேண்டுமா வேண்டாமா என்று வருடக்கணக்காக வாதாடி, 2011இல்தான் ‘எச்’ இல்லாத தலைப்பில் வந்து நின்றார்கள். அங்கே இன்றுள்ள வழக்கம் எளிது. ஒரு நாட்டோடு ஒட்டிய பொருள் என்றால் அந்நாட்டு வழக்கு. அப்படி ஒட்டு இல்லையென்றால் கட்டுரையை முதலில் வளர்த்தவர் கையாண்ட வழக்கு. வேதியியலில் மட்டும் பன்னாட்டு வேதியியல் ஒன்றியத்தின் பெயர்கள். அதனால் அலுமினியம் பிரித்தானிய எழுத்துக்கூட்டலில் இருக்கிறது, கந்தகம் அமெரிக்க எழுத்துக்கூட்டலில் இருக்கிறது. இரு தரப்புக்கும் சமமான வருத்தம்!

என் கருத்தும் அதுவே. நல்லூர் பற்றிய கட்டுரையில் திகதி இருக்கட்டும், திருநெல்வேலிக் கட்டுரையில் தேதி இருக்கட்டும். (எந்தத் திருநெல்வேலி என்று நீங்கள் கேட்பீர்கள். உங்கள் ஊரில் இருப்பதற்குத் திகதிதான்.) தலைப்பில் சிக்கல் என்றால் மற்றதற்கு வழிமாற்று வைத்தால் போதும், அந்தப் பெயரில் தேடுகிறவரும் இதே பக்கத்துக்கு வந்துவிடுவார். ஜூலை, சூலை, யூலை கதையும் இப்படித்தான். ஒரே கட்டுரைக்குள் மூன்றும் வராமல் பார்த்துக்கொண்டால் எனக்குப் போதும்.

தகவற்பெட்டியில் நான் வைத்த படத்தை ஒருவர் மாற்றுகிறார், நான் திருப்புகிறேன், அவர் மாற்றுகிறார். எத்தனை முறை வரை செய்யலாம்?

ஆங்கில விக்கிப்பீடியாவில் ஒரே பக்கத்தில் 24 மணி நேரத்துக்குள் மூன்று முறைக்கு மேல் மீளமைத்தால் தடை வரும். அதை ‘மூன்று முறை உரிமை’ என்று வாசிக்கிறவர்கள் இருக்கிறார்கள், அப்படியல்ல. நம்மிடம் ஆள் குறைவு, இரண்டாவதிலேயே நிறுத்துங்கள். தவறான பதிப்பு நான்கு நாள் நின்றால் குடிமுழுகாது. பேச்சுப் பக்கத்தில் தீரவில்லையென்றால் ஆலமரத்தடியில் (தமிழ் விக்கிப்பீடியாவின் பொது உரையாடல் பக்கம்) போடுங்கள், மூன்றாவது ஆள் ஒருவர் வந்து சொல்லட்டும்.

உயிரோடிருக்கும் ஒருவரைப் பற்றி அவதூறு சேர்த்தாலும் பேசிக்கொண்டே இருக்க வேண்டுமா?

வேண்டாம். சான்றில்லாத அவதூறு என்றால் உடனே நீக்குங்கள், நிருவாகியிடம் சொல்லுங்கள். மேலே சொன்ன எண்ணிக்கைக் கணக்கு இதற்குப் பொருந்தாது. சாதிப் பக்கங்களில் சத்தமில்லாமல் ‘பட்டம்’, ‘அரச வம்சம்’ சேர்ப்பவர்களிடமும் நான் பொறுமை காட்டுவதில்லை. சான்று கேட்பேன், இல்லையென்றால் வரி போகும்.

திருத்தச் சுருக்கம், அதாவது எதை ஏன் மாற்றினோம் என்ற ஒரு வரி, எழுதாமல் சேமிக்கவே முடியாதபடி செய்ய முடியாதா?

மற்றவர்களுக்குச் செய்ய நம் கையில் இல்லை. உங்களுக்கு நீங்களே செய்துகொள்ளலாம்: விருப்பத்தேர்வுகளில் தொகுத்தல் பகுதியில், சுருக்கம் வெறுமையாக இருந்தால் நினைவூட்டச் சொல்லி ஒரு குறி இருக்கிறது. நான் வைத்திருக்கிறேன்.

முன்பு அந்தப் பெட்டியில் 255 பைட்தான் இடம். ‘தமிழ்’ என்று 17 முறை எழுதினால் நிறைந்துவிடும். 2018இல் பைட் கணக்கை விட்டு 500 குறியீடுகளாக்கினார்கள். இப்போது “எழுத்துப்பிழை”, “சான்று இல்லை”, “ஒ+ள → ஔ” என்று எழுத இடமில்லை என்று யாரும் சொல்ல முடியாது.

அக்கா, கண்மாய் கட்டுரை எழுதியவன்தான். ஒப்பிட்டுப் பார்த்தேன். பத்திகள் ‘பாசனம்’ என்ற உட்தலைப்பில் இருக்கின்றன.

நல்லது தம்பி. நகர்த்தியவருக்கு ஒரு நன்றி போட்டுவிடுங்கள். வரலாற்றில் அவர் திருத்தத்துக்குப் பக்கத்திலேயே அதற்கு இணைப்பு இருக்கும்.