பாவித்த டீசல் யூட்டுக்கு எவ்வளவு கொடுக்கலாம்?

அன்புள்ள தம்பி,

491 என்ற பிராந்தியத் தொழில்திறன் விசாவில் அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்திலுள்ள டுவூம்பாவுக்கு வந்து மின்பணி வேலையில் சேர்ந்திருக்கிறீர்கள். 2016ஆம் ஆண்டு ரொயோட்டா ஹைலக்ஸ் எஸ்ஆர்5 யூட் (பின்னால் தொட்டியுள்ள பிக்கப் வண்டி) ஒன்றை, 2.8 லீற்றர் டீசல், டபிள் கப், ஓட்டோ கியர், 210,000 கிலோமீற்றர் ஓடியது, ஒரு தனிநபர் 31,000 டொலருக்கு விற்க நிற்கிறார் என்றும், அதே வகை வண்டிகள் இணையத்தில் 27,000 முதல் 33,000 வரை கிடப்பதைப் பார்த்ததாகவும், எவ்வளவுக்குக் கேட்கலாம் என்று தெரியவில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். அந்த விலைக்கு வாங்க வேண்டாம் என்பது என் முதல் பதில். ஆனால் எந்த விலைக்கு வாங்கலாம் என்பதை வண்டிக்குக் கீழே படுத்துப் பார்க்காமல் எவராலும் சொல்ல முடியாது. ஆகவே அந்த விலையை நீங்களே கண்டுபிடிக்கும் வழியை எழுதுகிறேன்.

முதலில் ஊரிலிருந்து கொண்டுவந்த ஒரு கணக்கைக் கைவிட வேண்டும். இலங்கையில் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தியபின், பத்து வருடம் ஓடிய டபிள் கப்பை வாங்கிய விலையைவிட அதிகமாக விற்றவர்களை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். அங்கே விலையைத் தட்டுப்பாடு தீர்மானித்தது. இங்கே அப்படியில்லை. ஹைலக்ஸும் ஃபோர்ட் ரேஞ்சரும் அவுஸ்திரேலியாவில் பல வருடங்களாக மிக அதிகம் விற்பனையாகும் வண்டிகள். இந்த வண்டி போனால் அடுத்த கிழமை இன்னொன்று வரும். அடுத்த இரண்டு வருடங்களில் அந்த வண்டி உங்களிடம் எவ்வளவு பணம் கேட்கப் போகிறது என்பதுதான் இங்கே பழைய டீசல் ஒன்றின் உண்மையான விலையைத் தீர்மானிக்கிறது. நல்ல நிலையிலுள்ள ஒரு வண்டியின் சந்தை விலையிலிருந்து அந்தத் தொகையைக் கழித்தால் வருவதே நீங்கள் கொடுக்க வேண்டிய விலை.

சந்தை விலையைப் பார்க்கும்போது, விளம்பரத்தில் கிடப்பது கேட்கும் விலை மட்டுமே என்பதை மறக்க வேண்டாம். கார்சேல்ஸ், கம்ட்ரீ, ஃபேஸ்புக் மார்க்கெட்பிளேஸ் மூன்றிலும் அதே ஆண்டு, அதே ரகம், 30,000 கிலோமீற்றர் முன்பின்னாக ஓடிய வண்டிகளைக் குறித்து வைத்து, இரண்டு மூன்று கிழமைகள் கவனித்தால், எவை விரைவில் மறைகின்றன, எவை விலை குறைந்துகொண்டே கிடக்கின்றன என்பது தெரியும். நீங்கள் எழுதிய 27,000 முதல் 33,000 வரையிலான பட்டியலில் மேல்முனையில் கிடப்பவை பெரும்பாலும் விற்கும் கடைக்காரர்களுடையவை. தனிநபரிடம் வாங்குகிறவர் அந்த விலையைக் கொடுக்கக் காரணமில்லை. கடையில் வாங்கினால் அவுஸ்திரேலிய நுகர்வோர் சட்டத்தின் உத்தரவாதங்கள் உங்களுடன் வரும். தனிநபரிடம் வாங்கினால், வண்டி அவருக்குச் சொந்தமானது என்ற அளவுக்கு மேல் அநேகமாக எதுவும் வராது. அந்த வேறுபாட்டுக்கு ஒரு விலை உண்டு. உங்கள் வண்டியைப் பொறுத்தவரை, குறை இல்லாத, பதிவேடு முழுமையான ஒன்றுக்கு 28,500 என்று தொடங்குவேன். ரொயோட்டா என்ற பெயருக்கு இந்த நாட்டில் தனியாக ஒரு தொகை கொடுக்கிறோம் என்பது என் அபிப்பிராயம். அதே வயது, அதே ஓட்டமுள்ள ரேஞ்சரையோ இசுசு டி-மக்ஸையோ பார்த்து வைத்துக்கொண்டால் பேரம் பேசும்போது மனம் தடுமாறாது.

இனிக் கழிக்க வேண்டியவை. எல்லாவற்றிலும் பெரியது டிபிஎஃப் என்று சொல்லப்படும் டீசல் கரித்துகள் வடிகட்டி. புகைக்குழாயில் இருக்கும் இந்த வடிகட்டி கரியைப் பிடித்து வைத்து, போதுமான வெப்பம் கிடைக்கும்போது எரித்துவிடும். நெடுஞ்சாலையில் நீண்ட நேரம் ஓடும் வண்டிக்கு அந்த வெப்பம் கிடைக்கும், பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டுத் திரும்பும் வண்டிக்குக் கிடைக்காது. 2015 ஒக்டோபர் முதல் 2020 ஏப்ரல் வரை விற்கப்பட்ட ஹைலக்ஸ், ஃபோர்ச்சுனர், பிராடோ டீசல் வண்டிகளில் இந்த வடிகட்டி சரியாக வேலை செய்யவில்லை என்று இங்கே ஒரு கூட்டு வழக்கு நடந்தது. இரண்டரை இலட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் அதில் அடங்கின. அந்தக் குறைபாடு வண்டியின் பெறுமதியை 17.5 வீதம் குறைத்தது என்று சமஷ்டி நீதிமன்றம் 2022இல் சொன்னது. மேன்முறையீட்டில் அது 10 வீதமாக இறங்கியது. 2024இல் உயர் நீதிமன்றம் அதை மறுபடியும் கணக்கிடும்படி திருப்பி அனுப்பியது. நீதிபதிகளே ஒரு வீதத்தில் உடன்படவில்லை என்றால் நாம் துல்லியமாகச் சொல்ல முடியாதுதான், ஆனாலும் உங்கள் 2016 வண்டி அந்தக் காலத்துக்குள் நேராக விழுகிறது என்பதால், டிபிஎஃப்புக்கு என்ன செய்யப்பட்டது, மாற்றப்பட்டதா, எப்போது, எந்தப் பற்றுச்சீட்டு இருக்கிறது என்று கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு.

கேட்பதோடு நிற்காமல், எஞ்சின் குளிராக இருக்கும்போதே புகைக்குழாயின் வாய்க்குள் விரலை விட்டுத் தடவிப் பாருங்கள். நல்ல வடிகட்டி உள்ள வண்டியில் விரல் ஏறக்குறைய சுத்தமாகத் திரும்பும். அடுப்புக் கரி போல ஒட்டினால் இரண்டிலொன்று: வடிகட்டி உடைந்திருக்கிறது, அல்லது யாரோ அதைக் கழற்றிவிட்டு வெறுங்குழாய் போட்டிருக்கிறார்கள். இரண்டாவது சட்டவிரோதம், “டிபிஎஃப் டிலீட் செய்திருக்கிறோம், இனித் தொல்லையில்லை” என்று விற்பவர் அதை ஒரு நற்குணமாகச் சொன்னாலும், நீங்கள் அந்த வண்டியை விட்டு விலக வேண்டும், விலை குறைத்தாலும் கூட. புதிய வடிகட்டி பொருத்துவது ஆயிரக்கணக்கான டொலர் வேலை.

அடுத்தது பராமரிப்புப் பதிவேடு. இந்த எஞ்சினுக்கு ஆறு மாதம் அல்லது 10,000 கிலோமீற்றருக்கு ஒரு முறை சேர்விஸ் என்பது தயாரிப்பாளர் சொன்ன முறை. அப்படியானால் 210,000 கிலோமீற்றருக்கு இருபத்தொரு பதிவுகளாவது இருக்க வேண்டும். புத்தகத்தை வாங்கி, பக்கம் பக்கமாகத் திகதியையும் கிலோமீற்றரையும் ஒத்துப் பாருங்கள். எட்டாவது பதிவுக்கும் ஒன்பதாவதுக்கும் இடையில் 40,000 கிலோமீற்றர் இடைவெளி இருந்தால், அந்த 40,000மும் பழைய எண்ணெயிலேயே ஓடியிருக்கக்கூடும். டேர்போவின் ஆயுள் அங்கேதான் தேயும். “நானே வீட்டில் எண்ணெய் மாற்றுவேன்” என்பவர் உண்மையானவராகவும் இருக்கலாம், அப்படியானால் எண்ணெயும் ஃபில்டரும் வாங்கிய பற்றுச்சீட்டுகளாவது அவரிடம் இருக்கும். எதுவும் இல்லையென்றால் நான் 2,000 டொலர் கழிப்பேன், அதைக் கடுமை என்று நினைக்கவும் மாட்டேன். இந்த 2.8 எஞ்சினில் டைமிங் செயின் இருக்கிறது; ஆனால் 2015க்கு முந்திய மூன்று லீற்றர் ஹைலக்ஸைப் பார்த்தால் அதில் பெல்ட், அதை 150,000 கிலோமீற்றருக்கு ஒரு முறை மாற்ற வேண்டும், மாற்றிய சீட்டு இல்லையேல் மாற்றவில்லை என்றே கணக்கிடுங்கள்.

வண்டி பார்க்கப் போகும் நாளன்று, வருவதற்கு முன் எஞ்சினை இயக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போங்கள். போனவுடன் பொனட்டின் மேல் கையை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் காலையில் கிளம்ப மறுக்கும் வண்டியாக அது இருக்கலாம். நல்ல விதமாகப் பேசிவிட்டு வேறொரு நாள் வருவதாகச் சொல்லுங்கள். குளிரில் இயக்கும்போது ஒரு கணம் லேசான புகை வந்து மறைவது பரவாயில்லை. நீலப் புகை நின்றுகொண்டிருந்தால் எண்ணெய் எரிகிறது. வெள்ளைப் புகை விடாமல் வந்தால் இன்ஜெக்டரோ கூலன்ட் கசிவோ. அக்சிலரேட்டரை அழுத்தும்போது கரும்புகை தள்ளினால் எரிபொருள் சரியாக எரியவில்லை. எஞ்சின் ஓடும்போதே எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்து அதன் வாயிலேயே தலைகீழாக வைத்துப் பாருங்கள். அது துள்ளி விழுமளவுக்குக் காற்றுத் தள்ளினால் பிஸ்டன் வளையங்கள் தேய்ந்திருக்கின்றன. பிறகு எஞ்சினை நிறுத்தச் சொல்லி, ஏர் ஃபில்டருக்கு அப்பால், எஞ்சின் பக்கமுள்ள குழாயின் உட்புறத்தை வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். அங்கே செம்மண் இருக்கவே கூடாது. இருந்தால், அந்த மண் எஞ்சினுக்குள்ளும் போயிருக்கிறது.

செம்மண் என்றவுடன் ஒன்று. உங்கள் ஊருக்கு மேற்கே டால்பி, சின்சில்லா, ரோமா வரை எரிவாயு வயல்கள். வடக்கே போவன் படுகையில் நிலக்கரிச் சுரங்கங்கள். அங்கே ஓடிய கம்பனி வண்டிகள் ஏலத்துக்கு வந்து, ஏலத்தில் எடுத்தவர் கழுவித் துடைத்துத் தனிநபர் போல விற்பது வழக்கம். வெள்ளை நிறமாக இருக்கும். கூரையில் சுழல்விளக்குப் பூட்டிய துளைகளை ரப்பர் வைத்து அடைத்திருப்பார்கள். கதவில் ஒளிரும் நாடா ஒட்டிய இடம் சாய்வெளிச்சத்தில் பார்த்தால் தெரியும். ஆசனம் நகரும் தண்டவாளத்துக்குக் கீழே மண் கட்டியாக இருக்கும். எல்லாம் கெட்ட வண்டிகள் என்று சொல்ல மாட்டேன், பலவும் உரிய நேரத்தில் சேர்விஸ் செய்யப்பட்டவை. ஆனால் குளிரூட்டிக்காக நாள் முழுக்க நின்ற இடத்தில் எஞ்சின் ஓடியிருக்கும், அந்த மணித்தியாலங்களை ஓடோமீற்றர் எண்ணுவதில்லை. அப்படிப்பட்ட வண்டியில் 210,000 என்ற இலக்கத்தை நம்பி விலை சொல்லக் கூடாது.

வண்டிக்குக் கீழே, கபினுக்கும் பின் தொட்டிக்கும் இடையில் சட்டகத்தை டோர்ச் அடித்துப் பாருங்கள். டபிள் கப் யூட்டுகளில் பாரமான கரவான் இழுத்து, பாரம் தாங்கப் பின் ஸ்பிரிங்கில் காற்றுப்பையும் பூட்டி ஓடினால், சட்டகம் வளைவதும் வெடிப்பதும் அந்த இடத்தில்தான். பக்கவாட்டில் தூர நின்று பார்த்தாலும், கபினுக்கும் தொட்டிக்கும் இடையிலுள்ள இடைவெளி மேலும் கீழும் ஒரே அளவாக இருக்கிறதா என்று தெரியும். வெடிப்புக்கு விலை பேச வேண்டாம், வீடு திரும்புங்கள்.

ரயர், பிரேக், முன்கண்ணாடி போன்றவை எளிது. நான்கு நல்ல ஓல்-டெரெய்ன் ரயர்களுக்கு 1,200 முதல் 1,600 டொலர் வரை போகும். தேய்ந்திருந்தால் அப்படியே கழியுங்கள். குயின்ஸ்லாந்தில் பதிவிலுள்ள வண்டியை விற்பனைக்கு வைக்கும்போதே சேஃப்டி சேர்டிபிக்கற் காட்டியிருக்க வேண்டும். தனிநபர் விற்பனையில் அது இரண்டு மாதம் அல்லது 2,000 கிலோமீற்றர் செல்லும். “அதை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள், 500 டொலர் குறைக்கிறேன்” என்பவர், அதில் தேறாது என்று தெரிந்தே சொல்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே நேரம், சேர்டிபிக்கற் இருப்பதால் எஞ்சின் நல்லது என்று அர்த்தமில்லை. ரயர், பிரேக், ஸ்டியரிங், துரு, விளக்கு இவற்றைத்தான் அது பார்க்கிறது, டேர்போவையும் இன்ஜெக்டரையும் அல்ல. அதற்குத்தான், பேரம் முடிவதற்கு முன், உங்களுக்கு வேண்டிய ஒரு டீசல் மெக்கானிக்கிடம் சில நூறு டொலர் கொடுத்துப் பார்க்கச் சொல்லி, செய்ய வேண்டிய வேலைகளை விலையோடு எழுதி வாங்க வேண்டும். அந்தத் தாளை மேசையில் வைத்துப் பேசினால், விற்பவர் உங்களுடன் அல்ல, மெக்கானிக்கின் கணக்குடன்தான் வாதாட வேண்டியிருக்கும். மெக்கானிக் பார்க்க விடமாட்டேன் என்பவரிடம் பேச எதுவும் இல்லை.

இப்போது உங்கள் வண்டிக்கு வருவோம். பதிவேடு பாதி, ரயர்கள் முடிவுக்கு வந்துவிட்டன, டிபிஎஃப் பற்றிப் பற்றுச்சீட்டு இல்லை என்றுதான் நீங்கள் எழுதியதிலிருந்து விளங்குகிறது. 28,500இலிருந்து ரயருக்கு 1,400, பதிவேட்டுக்கு 1,500, டிபிஎஃப்பின் நிச்சயமின்மைக்கு 1,500 கழித்தால் 24,100 வருகிறது. விரல் சுத்தமாகத் திரும்பி, மெக்கானிக்கின் தாளும் நன்றாக இருந்தால் 25,500 வரை போகலாம். அதற்கு மேல் போக வேண்டாம். 23,500இல் பேச்சைத் தொடங்குங்கள், காரணங்களை ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள், அவசரம் காட்ட வேண்டாம். அவர் சிரித்துவிட்டு மறுத்தால் தொலைபேசி இலக்கத்தைக் கொடுத்துவிட்டு வாருங்கள். இரண்டு கிழமை கழித்து அவரே அழைப்பது இங்கே அபூர்வமல்ல. முத்திரை வரியையும் சேர்த்து எண்ணுங்கள்: குயின்ஸ்லாந்தில் நான்கு சிலிண்டர் வண்டிக்கு நூறு டொலருக்கு 3 டொலர், ஆக 25,000க்கு 750. விலையைக் குறைத்து எழுதி வரியை மிச்சம் பிடிக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்க வேண்டாம். சந்தைப் பெறுமதி அதைவிட அதிகமென்றால் அதன் மீதுதான் வரி.

இன்னொன்றையும் கேட்டு வைக்கிறேன். வேலைத்தளம் 60 கிலோமீற்றர் தொலைவில் என்று எழுதியதால்தான் டீசலுக்கு நான் சரி சொல்கிறேன். அடுத்த வருடம் ஊருக்குள்ளேயே வேலை மாறும் என்ற எண்ணம் இருந்தால், இந்தக் கணக்கு முழுவதும் மாறும். ஐந்து நிமிட ஓட்டங்களுக்கு டீசல் யூட் எந்த விலையிலும் இலாபமில்லை.

பணம் கொடுக்கும் நாளிலேயே பிபிஎஸ்ஆர் என்ற, சொத்துகள் மீதான கடன் பிணைகளைப் பதியும் அரச தளத்தில் வண்டியின் விஐஎன் எனும் அடையாள இலக்கத்தைக் கொடுத்து 2 டொலருக்குச் சான்றிதழ் எடுங்கள். முப்பது நாற்பது டொலர் கேட்பவை இடைத்தரகர் தளங்கள். கடன் பாக்கி, திருட்டு, விபத்திலோ வெள்ளத்திலோ சேதமாகிக் கழித்துவிடப்பட்ட வண்டி என்ற மூன்றும் அதில் வரும். 2022 வெள்ளத்துக்குப் பிறகு கடைசி விடயத்தைக் கட்டாயம் பார்க்க வேண்டும். தேடிய அன்றோ மறுநாளோ வாங்கினால்தான் அந்தச் சான்றிதழ் உங்களைப் பாதுகாக்கும். கடன் பாக்கி இருந்தால் பணத்தை விற்பவரிடம் கொடுக்காமல், பாக்கியை நேராகக் கடன் கொடுத்த நிறுவனத்துக்குச் செலுத்தி, மிகுதியை மட்டும் அவருக்குக் கொடுங்கள். சாவியை வாங்குவதற்கு முன் காப்புறுதியைத் தொடங்கிவிட்டு, பதினான்கு நாட்களுக்குள் பதிவை உங்கள் பெயருக்கு மாற்றிவிடுங்கள்.