டிரம்ஸ் வாசிக்கத் தெரிஞ்சா உறுமியும் வாசிச்சிடலாமா?

பேண்டுல டிரம்ஸ் வாசிக்கிறீங்க, வர்ற தைப்பூசத்துக்குப் பினாங்குல உறுமி மேளக் குழுவுல சேரணும்னு கேட்டிருக்கீங்க. சேரலாம் லா, ஆனா நேரா உறுமியத் தூக்காதீங்க.

காரணம் இடது கை. ரெண்டு பக்கமும் தோல் கட்டின உறுமியில வலது பக்கம் குச்சியால அடிக்கிறது உங்களுக்குச் சீக்கிரமே வந்துடும், ஆனா இடது பக்கத் தோல்ல வளைஞ்ச குச்சிய வச்சு அழுத்தித் தேய்க்கணும், அந்த ஊம்ம்னு உறுமுற சத்தம் அங்கதான் பொறக்குது, அழுத்தம் கொஞ்சம் கொறஞ்சா வெறும் கீறல் சத்தம்தான் வரும், கூடிப்போச்சுன்னா குச்சி தோல்ல மாட்டிக்கிட்டு நின்னுடும். டிரம்ஸ்ல தேய்க்கிற வேலையே பெரும்பாலும் கிடையாதே. அதோட இங்க நிறைய அடி மூணு மூணா உருளுற திஸ்ர நடை, ராக் வாசிச்சு நாலு நாலா எண்ணிப் பழகின கை முதல்ல தடுமாறும்.

அதனால பம்பைங்கிற ஜோடி மேளத்துல ஆரம்பிங்க, அந்தத் திஸ்ர நடை ஒடம்புல ஏறட்டும். உட்கார்ந்தே வாசிச்சுப் பழகினவங்க கழுத்துல மாட்டிக்கிட்டு நடந்துக்கிட்டே வாசிக்கவும் பழகணும், தண்ணீர்மலை முருகன் கோவிலுக்குப் போற வழியில காவடி ஆடுறவர் காலப் பார்த்துத்தான் வேகம் ஏறும் எறங்கும். மழை ஈரத்துல தோல் தொய்ஞ்சிடும், நனைய விடாதீங்க. சிலர் இத வெறும் இரைச்சல்னு சொல்றாங்க, நான் ஒத்துக்கவே மாட்டேன், பப்புல கவர் பாட்டு வாசிக்கிறத விட இதுக்குத்தான் காது ரொம்பக் கூர்மையா இருக்கணும்.