டேப்பில் ஏற்றும்போது வீடியோ விக்குகிறது: கணினியை மாற்றத்தான் வேண்டுமா?

கேள்வி: பழைய குடும்ப வீடியோக்களைக் கேம்கார்டரிலிருந்து கணினியில் இறக்கி, வெட்டி ஒட்டி 40 நிமிடப் படமாக எடிட் செய்திருக்கிறேன். அதைத் திரும்ப மினி டி.வி. (Mini DV, கேம்கார்டரில் போடும் சின்ன டிஜிட்டல்) கேசட்டில் ஏற்றிவைக்க ஆசை. நாலைந்து நிமிடம் ஒழுங்காகப் போகிறது. அப்புறம் படம் நின்று நின்று வருகிறது. சில சமயம் ‘கேமரா இணைப்பில் இல்லை’ என்று காட்டிவிட்டு எல்லாமே நின்றுவிடுகிறது. கணினி விண்டோஸ் எக்ஸ்பி. ஃபைல்கள் ஃபயர்வயரில் (கேமராவையும் டிஸ்கையும் கணினியோடு இணைக்கும் ஒரு வகை கேபிள் இணைப்பு) மாட்டும் வெளி ஹார்ட் டிஸ்கில் உள்ளன. பார்க்க வந்தவர் “ஃபார்மேட் செய்யணும், இல்லாவிட்டால் புது கம்ப்யூட்டர் வாங்குங்க” என்கிறார். என்ன செய்யலாம்?

பதில்: ஃபார்மேட்டும் வேண்டாம், புதுக் கணினியும் வேண்டாம். அதிலும் புதுக் கணினி வேண்டவே வேண்டாம். காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

நாலு நிமிடமாவது ஒழுங்காகப் பதிகிறது என்கிறீர்களே, பாதி விடை அதிலேயே இருக்கிறது. கேபிள் சரி, கணினியில் அதை மாட்டும் ஃபயர்வயர் கார்டு சரி, கேமராவும் வெளியிலிருந்து வரும் படத்தை வாங்கிக்கொள்கிறது. கோளாறு நடுவழியில்தான். கணினிக்குள் ஒரு ஃபைலை நகலெடுக்கும்போது அரை நொடி தடங்கினால் யாருக்கும் தெரியாது. விட்ட இடத்திலிருந்து தொடரும். டேப் அப்படி இல்லை. அது ஓடிக்கொண்டே இருக்கும், நொடிக்குச் சுமார் 3.6 மெகாபைட் வந்துகொண்டே இருக்க வேண்டும். இது பெரிய வேகமும் அல்ல. ஃபயர்வயர் நொடிக்கு 400 மெகாபிட் தாங்கும். ஒரு பைட்டுக்கு எட்டு பிட், அதனால் இதற்கு 30 மெகாபிட்டுக்குள் போதும். ஆகவே உங்கள் கணினிக்குத் தெம்பு போதவில்லை என்பது வெறும் கட்டுக்கதை. ஓடும் பாதையில் யாரோ குறுக்கே வருகிறார்கள்.

என் முதல் சந்தேகம் அந்த வெளி டிஸ்க் மேல்தான். டிஸ்கிலிருந்து படிப்பதும் கேமராவுக்கு அனுப்புவதும் ஒரே ஃபயர்வயர் வழியாக நடக்கின்றன. கார்டில் மூன்று ஓட்டை இருக்கிறதே என்று கேட்காதீர்கள். பெரும்பாலும் மூன்றுக்கும் உள்ளே இருப்பது ஒரே சிப். சில கேமராக்களுக்கு அதே பாதையில் டிஸ்க் இருந்தாலே ஆகாது. அதனால் முழுப் படத்தையும் கேசட்டுக்குரிய டி.வி. (DV) வடிவிலேயே ஒரே ஏ.வி.ஐ. வீடியோ ஃபைலாக ரெண்டர் செய்து, அதாவது எடிட் செய்ததையெல்லாம் சேர்த்து முழுப் படமாகத் தயாரித்து, கணினியின் உள் டிஸ்கில் வையுங்கள். 40 நிமிடத்துக்கு 9 ஜி.பி.க்குச் சற்றுக் குறைவாக வரும். உள் டிஸ்க் என்.டி.எஃப்.எஸ். முறையில் ஃபார்மேட் ஆகியிருக்க வேண்டும். ஃபேட்32 என்றால் ஒரு ஃபைல் 4 ஜி.பி.யைத் தாண்டாது, 20 நிமிடம் எட்டுவதற்குள் முட்டிக்கொண்டு நின்றுவிடும். ரெண்டர் முடிந்ததும் வெளி டிஸ்கைக் கழற்றிவிட்டு, கேமராவை மட்டும் மாட்டி அந்த ஃபைலை அனுப்புங்கள். டைட்டில், எஃபெக்ட் எல்லாவற்றையும் போகிற போக்கில் கணக்குப் போடும் வேலையும் இதனால் மிச்சம்.

‘கேமரா இணைப்பில் இல்லை’ என்பதற்கு வேறு காரணம் இருக்கலாம். கேமராவைப் போட்டதுமே எக்ஸ்பி ‘என்ன செய்யட்டும்’ என்று ஒரு பெட்டியை நீட்டும். அதில் எதையாவது அழுத்தினால் இன்னொரு மென்பொருள் திறந்து கேமராவைப் பிடித்துக்கொள்ளும். ஒரு கேமராவுக்கு இரண்டு எஜமானர்கள் ஆகாது. ரத்து செய்துவிடுங்கள். நெட் ஒயரைப் பிடுங்கிவிட்டு ஆன்டிவைரஸை நிறுத்தி வையுங்கள், ஸ்கிரீன்சேவரையும் அணையுங்கள். கேமரா பேட்டரியில் ஓட வேண்டாம், அடாப்டரில் ஓடட்டும்.

இவ்வளவு செய்தும் விக்கினால் ஒன்றைப் பாருங்கள். விண்டோஸின் டிவைஸ் மேனேஜரில் ஐ.டி.இ. சேனல் (உள் டிஸ்க் கணினியோடு பேசும் வழி) என்று இருக்கும். அதன் உள்ளே, இப்போதைய மோடு ‘அல்ட்ரா டி.எம்.ஏ.’ என்று இருக்க வேண்டும். ‘பி.ஐ.ஓ.’ என்றிருந்தால் ஆளைப் பிடித்துவிட்டோம். டிஸ்கைப் படிப்பதில் சில தடவை பிழை வந்தால் எக்ஸ்பி தானாகவே இந்த மந்த மோடுக்கு இறங்கிவிடும். இறங்கியதை உங்களிடம் சொல்லாது, தானாக ஏறவும் செய்யாது. இப்படி ஒரு ஏற்பாட்டை யோசித்தவரைப் பார்த்தால் நாலு வார்த்தை கேட்பேன். அந்தச் சேனலை அன்இன்ஸ்டால் செய்து ரீஸ்டார்ட் செய்யுங்கள், பழையபடி ஆகிவிடும். மறுபடியும் இறங்கினால் டிஸ்கோ அதன் கேபிளோ போகப் போகிறது. முதலில் பேக்கப் எடுங்கள்.

ஐ.ஆர்.க்யூ. மோதல், அதாவது இரண்டு கருவிகள் ஒரே வழியில் கணினியைக் கூப்பிட்டு முட்டிக்கொள்கின்றன என்று பயமுறுத்துவார்கள். ஃபயர்வயர் கார்டை வேறு ஸ்லாட்டில் மாற்றிச் செருகிப் பாருங்கள். அவ்வளவுதான் விஷயம்.

அடுத்து உங்களிடம் ஒரு கேபிளை விற்க வருவார்கள். ஒரு முனை யு.எஸ்.பி., மறு முனை ஃபயர்வயர். “இதை மாட்டினா எந்த கம்ப்யூட்டர்லயும் வேலை செய்யும்” என்பார்கள். செய்யாது. இரண்டும் பேசும் பாஷையே வேறு. அந்தக் கேபிளுக்குள் இருப்பது வெறும் கம்பி, மொழிபெயர்க்க ஒன்றுமே இல்லை. தெரிந்தே விற்கிறார்கள். நல்ல கேபிளிலும் ஒரு ஆபத்து உண்டு. கார்டு பக்கம் போகும் ஆறு முள் பிளக்கை உற்றுப் பாருங்கள்: ஒரு ஓரம் நேராகவும் மறு ஓரம் குறுகியும் இருக்கும். இருட்டில், மேசைக்குப் பின்னால் கையை விட்டு, தலைகீழாக அழுத்தித் திணித்தால் மின்சாரம் சிக்னல் கம்பிக்குள் பாய்ந்து கேமராவின் போர்ட் எரிந்துவிடும். டார்ச் அடித்து மாட்டுங்கள்.

இன்னொன்று. இது உங்களுக்குப் பொருந்தாது, உங்கள் கேமராதான் எழுதுகிறதே. ஆனாலும் செகண்ட் ஹேண்ட் கேமரா தேடுகிறவர்களுக்காகச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஐரோப்பாவில் விற்ற பல கேம்கார்டர்களில் வெளியிலிருந்து பதியும் வசதியை நிறுவனங்களே முடக்கி வைத்திருந்தன. வெளியிலிருந்து பதிந்தால் அது கேமரா அல்ல, வீடியோ ரெக்கார்டர், சுங்க வரி கூடுதல் என்பது அங்கே கணக்கு. வரியை மிச்சம் பிடிக்க, வேலை செய்யும் ஒரு வசதியைப் பூட்டிவிட்டார்கள்! அதே மாடல் வேறு நாட்டில் வாங்கினால் பதியும். போர்ட்டின் மேல் ‘இன்/அவுட்’ என்று இருக்கிறதா, ‘அவுட்’ மட்டுமா என்று பாருங்கள். ‘அவுட்’ மட்டும் என்றால் எந்தக் கணினியை மாற்றினாலும் பதியாது. பூட்டைத் திறந்து தருகிறேன் என்று பணம் கேட்பவர்களின் வித்தை சில மாடல்களில் மட்டுமே பலிக்கும். பலிக்காவிட்டால் கேமராவுக்கு அவர்கள் பொறுப்பேற்க மாட்டார்கள்.

சரி, புதுக் கணினி ஏன் வேண்டாம்? இன்றைய கணினிகளில் ஃபயர்வயர் போர்ட்டே கிடையாது. 2025-இல் வந்த மேக் ஓ.எஸ். 26-இல் ஆப்பிள் அதற்கான ஆதரவையே எடுத்துவிட்டது. நன்றாக ஓடும் கேமராவும் கேசட்டும் கையில் இருக்கும்போதே வாசலை அடைத்துவிடுகிறார்கள். உங்கள் எக்ஸ்பி பெட்டிதான் இப்போது பொக்கிஷம், அதை யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள்.

புதுக் கேசட்டில் எஸ்.பி. எனும் சாதாரண வேகத்தில், முன்னால் பத்து நொடி கறுப்பு விட்டுப் பதியுங்கள். மூலக் கேசட்டின் பூட்டுப் பொத்தானைத் தள்ளி, கண்ணில் படாத இடத்தில் வையுங்கள். முடிந்ததும் ரீவைண்ட் செய்து, முன்பு விக்கிய அந்த நாலாவது, ஐந்தாவது நிமிடத்தைக் கேமராவின் திரையிலேயே பாருங்கள். கடைசி நிமிடத்தில் உதடும் குரலும் சேர்ந்து வருகிறதா என்றும் கவனியுங்கள். அதுவரை உள் டிஸ்கில் இருக்கும் ஃபைலை அழிக்காதீர்கள்.