தீனி வைத்தால் குருவி புழு பொறுக்காதா?

கேள்வி: நங்கநல்லூரில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் கத்தரி, வெண்டை, செம்பருத்தி, கறிவேப்பிலை, பந்தலில் அவரை என்று தோட்டம் வைத்திருக்கிறேன். காலையில் செடிகளுக்கு நடுவே ஒரு தட்டில் கம்பும் நொய்யும் வைப்பேன். மதியம் காக்காய்க்குச் சோறு. இப்போது கத்தரியில் புழு, செம்பருத்தியில் மாவுப்பூச்சி. “உட்கார்ந்த இடத்தில் சாப்பாடு கிடைத்தால் குருவி எதற்குப் புழு பொறுக்கப் போகிறது?” என்கிறார் விவசாயம் பார்த்த என் மாமனார். நர்சரியில் ஒரு மருந்தைக் கொடுத்து அடிக்கச் சொன்னார்கள். ஆனால் கத்தரி இலையைத் தைத்து ஒரு சின்னக் குருவி கூடு கட்டியிருக்கிறது. மருந்தடிக்க மனம் வரவில்லை. தீனி வைப்பதை நிறுத்திவிடலாமா?

பதில்: நிறுத்த வேண்டியதில்லை. தட்டை மட்டும் செடிகளுக்கு நடுவிலிருந்து எடுத்துவிடுங்கள். கத்தரிப் புழுவையும் மாவுப்பூச்சியையும் பறவைகள் பார்த்துக்கொள்ளும் என்று காத்திருக்கவும் வேண்டாம். அவை இரண்டும் பறவையின் கைக்கு எட்டாத பூச்சிகள். அதற்குப் பின்னால் வருகிறேன்.

இலையைத் தைத்தது தையல்சிட்டு. இலை ஓரத்தில் அலகால் பொத்தலிட்டு, பஞ்சையும் நாரையும் சிலந்தி நூலையும் கோத்து இழுத்துப் பைபோல ஆக்கி, அதற்குள் கூடு வைக்கும். கத்தரி இலை அகலமானது என்பதால் அதைத் தேர்ந்தெடுத்திருக்கிறது. இந்தக் குருவி உங்கள் கம்பையும் நொய்யையும் திரும்பிக்கூடப் பார்க்காது. புழு, சிறு வண்டு, சிலந்தி, இடையிடையே கொஞ்சம் பூந்தேன், அவ்வளவுதான் அதன் சாப்பாடு. ஆகவே தட்டில் நீங்கள் எவ்வளவு கொட்டினாலும் தையல்சிட்டு சோம்பேறியாக வழியில்லை.

ஒருநாள் காலை அது கறிவேப்பிலைச் செடிக்குள் நுழையும்போது அசையாமல் நின்று பாருங்கள். வாலைத் தூக்கிக்கொண்டு அடியிலிருந்து மேலே ஏறும். ஒவ்வொரு ஈர்க்கிலும் தலையைச் சாய்த்து இலையின் அடிப்பக்கத்தைப் பார்க்கும். பச்சைப் புழு அகப்பட்டால் உடனே விழுங்காது. கிளையில் இரண்டு மூன்று முறை அடித்துத் துவைத்த பிறகுதான் குஞ்சுக்குக் கொண்டுபோகும். கறிவேப்பிலையிலும் எலுமிச்சையிலும் வரும் வண்ணத்துப்பூச்சிப் புழு, சிறியதாக இருக்கும்போது பறவை எச்சம் போலவே கறுப்பும் வெள்ளையுமாகக் கிடக்கும். பறவையை ஏமாற்றத்தான் அந்த வேஷம். இத்தனை வேஷம் தேவைப்படுகிறது என்றால், அந்தச் செடியில் பறவைகள் எவ்வளவு தேடியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

தானியத்துக்கு வருபவர்கள் வேறு கூட்டம். மாடப்புறாவும் பச்சைக்கிளியும் தட்டில் எதுவும் இல்லாவிட்டாலும் உங்கள் செடியில் புழு தேடப் போவதில்லை. ராயப்பேட்டையில் ஒரு வீட்டு மாடிக்கு ஊறவைத்த அரிசி தின்ன ஆயிரக்கணக்கில் கிளிகள் வந்தது ஊரறிந்த செய்தி. பார்க்க அழகு, பூச்சிக் கணக்கில் அதனால் லாபமில்லை. சிட்டுக்குருவி இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. வளர்ந்த குருவிக்குத் தானியம் போதும். குஞ்சுக்கோ முதல் நாட்களில் புழு பூச்சிதான் வேண்டும். அந்தப் புரதம் இல்லாமல் உடம்பு வளராது. தட்டில் கம்பு குவிந்து கிடந்தாலும் தாய்க்குருவி செடிகளில் புழு தேடத்தான் போகும். மைனா, கொண்டைக்குருவி, கூட்டமாக வரும் தவிட்டுக்குருவி ஆகியவை எதையும் தின்னும். இவற்றைத் தட்டு இழுத்து வரும். வந்த பிறகு சுற்றுப்புறத்தையும் அவை மேய்ந்துவிட்டுத்தான் போகும்.

இதை இங்கிலாந்தின் ரெடிங் பல்கலைக்கழகத்தில் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். அசுவினிக் கூட்டங்களைத் தீனிக்கூண்டுக்கு அருகில் வைத்தபோது அவை சீக்கிரம் காலியாயின என்று 2012-இல் வெளியிட்டார்கள். ஓசியில் தின்ன வந்த பறவைகள் பக்கத்திலிருந்த பூச்சியையும் விடவில்லை. உங்கள் மாமனாரின் சந்தேகத்துக்கு இது நேரான பதில். ஆனால் அதே குழுவினர் 2015-இல் இன்னொன்றையும் சொன்னார்கள்: தீனிக்கூண்டுகளுக்கு நேர்கீழே தரைவண்டுகள் குறைந்துவிட்டன. தரைவண்டு, செடிகளைத் தின்னும் பூச்சிகளையும் நத்தைகளையும் பிடித்துத் தின்னும் நம் கட்சிக்காரர். பறவைக்கு இந்தக் கட்சி பேதம் கிடையாது. கண்ணில் பட்டதைக் கொத்தும். சிலந்தி, கும்பிடுபூச்சி, தும்பி எல்லாம் அதில் அடக்கம். அவர்கள் ஊர்ப் பறவைகள் வேறு, செடிகளும் வேறு. ஆனாலும் தட்டைச் சுற்றிய சில அடிகளில் மேய்ச்சல் மிகும் என்பது இங்கேயும் பொருந்தும். அதனால்தான் இடம் மாற்றச் சொல்கிறேன்.

நடுத் தோட்டத்தில் தட்டு இருப்பதில் வேறு தொல்லைகளும் உண்டு. தானியத்துக்கு வரும் கிளியும் அணிலும் அவரைப் பிஞ்சைக் கடித்துப் போடும். மைனாவும் தவிட்டுக்குருவியும் மூடாக்கைக் கிளறி நாற்றைச் சாய்க்கும். சிந்திய நொய் எறும்பைக் கூப்பிடும், இரவில் எலியையும் கூப்பிடும். இவை எல்லாவற்றையும்விட எனக்குக் கவலை தருவது காக்காய்ச் சோறு. முன்னோரை நினைத்து வைப்பது. கனுவன்று மஞ்சள் இலையில் பிடி வைப்பதுபோல நம் வீடுகளில் ஊறிப்போன வழக்கம். அதை விடச் சொல்ல மாட்டேன். ஆனால் காகம் கூட்டைக் கண்டால் முட்டையையும் குஞ்சையும் எடுத்துப் போய்விடும். தையல்சிட்டுக் கூட்டுக்குப் பக்கத்தில் தினமும் காகத்தை விருந்துக்கு அழைப்பது அந்தக் குருவிக்குச் செய்யும் துரோகம். சோற்றைத் தெருப்பக்கக் கைப்பிடிச் சுவரில், கூட்டிலிருந்து எவ்வளவு தள்ளி முடியுமோ அவ்வளவு தள்ளி வையுங்கள். உப்பும் எண்ணெயும் சேராத வெறுஞ்சோறாக இருக்கட்டும். தானியத் தட்டும் அந்தப் பக்கமே போகட்டும். அரை மணி நேரத்தில் தீர்ந்துபோகும் அளவுக்கு ஒரு கைப்பிடி போதும். மிச்சம் கிடந்தால் கூட்டிவிட்டுத் தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிடுங்கள். புறா எச்சம் காய்ந்து தூளாகி மூச்சில் போனால் நுரையீரலுக்குக் கெடுதல். வீட்டில் வயதானவர் இருக்கிறார் என்பதால் இதில் கண்டிப்பாக இருங்கள்.

பூச்சி தின்னும் பறவை வேண்டுமென்றால் தானியத்தால் ஆகாது. உங்கள் மாமனாரையே கேளுங்கள், வயலில் பறவை தாங்கி நட்டிருப்பார். ஒரு நீளக் குச்சியின் தலையில் குறுக்குக் குச்சி கட்டி நெல்லுக்கு நடுவே நிறுத்துவார்களே, அதுதான். கரிச்சான், நம் ஊரில் பலர் சொல்லும் இரட்டைவால் குருவி, அதில் உட்கார்ந்து கீழே அசையும் பூச்சியைப் பாய்ந்து பிடிக்கும். மாடியிலும் ஒரு மூங்கிலைத் தொட்டியில் நட்டு, செடிகளுக்கு மேலே நான்கைந்து அடி உயரத்தில் குறுக்குக் கட்டை கட்டலாம். கரிச்சான் காகத்தையே துரத்தியடிக்கும் பறவை. அது குடியிருக்கும் பக்கம் மற்றச் சிறு குருவிகளுக்கும் பாதுகாப்பு. தேனீயையும் பிடிக்கும் என்பது மட்டும் ஒரு குறை. நெதர்லாந்தில் ஆப்பிள் தோட்டங்களில் தீனியே வைக்காமல் கூடு கட்ட மரப்பெட்டி மட்டும் மாட்டினார்கள். அதில் குடிவந்த சிட்டுகள் புழுச் சேதத்தைக் குறைத்து விளைச்சலைக் கூட்டியதாக 2002-இல் ஆய்வு வந்தது. பூச்சி தின்னும் பறவைக்குத் தேவை கூடு கட்ட இடம், ஒளிய அடர்ந்த செடி, குடிக்கத் தண்ணீர். செம்பருத்தியையும் கறிவேப்பிலையையும் ஒரு மூலையில் நெருக்கி வைத்து, வெட்டாமல் அடர விடுங்கள். ஐப்பசி தொடங்கி வலசை வரும் சிறு கதிர்க்குருவிகளும் அப்படிப்பட்ட புதரைத்தான் தேடும்.

தண்ணீரை ஆழமில்லாத மண் தட்டில் இரண்டு அங்குலத்துக்குள், நடுவே ஒரு கல்லோடு வையுங்கள். கத்திரி வெயிலில் தானியத்தைவிட இதற்குத்தான் அதிகப் பறவை வரும். தினமும் தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, தேங்காய் நாரால் உட்புறத்தைத் தேய்க்க வேண்டும். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு நீர்மட்டத்துக்குச் சற்று மேலே பாத்திரச் சுவரில் முட்டையை ஒட்டிவைக்கும். காய்ந்தாலும் அந்த முட்டை மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும்.

இனி உங்கள் இரண்டு பூச்சிகள். கத்தரியில் இருப்பது தண்டு, காய்த்துளைப்பானாக இருக்க வேண்டும். முட்டை பொரித்த கொஞ்ச நேரத்தில் புழு குருத்துக்குள்ளோ காய்க்குள்ளோ புகுந்துவிடும். அதற்குப் பிறகு எந்தக் குருவியாலும் எடுக்க முடியாது. வெயில் இல்லாத வேளையிலும் வாடித் தொங்கும் குருத்து கண்ணில் பட்டால், வாடலுக்கு ஓர் அங்குலம் கீழே கிள்ளி எடுங்கள். உள்ளே புழு இருக்கும். துளை விழுந்த காயையும் பறித்து, இரண்டையும் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள். செடி ஓரத்தில் போட்டால் மறுபடி அங்கேயே பெருகும். இந்தப் பூச்சிக்கென்றே விற்கும், ஆண் அந்துப்பூச்சியை வாசனையால் இழுத்துப் பிடிக்கும் இனக்கவர்ச்சிப் பொறி ஒன்றையும் தொங்கவிடலாம்.

மாவுப்பூச்சியின் மேல் மெழுகுப் பூச்சு இருக்கிறது. பறவைகள் அதை நாடுவதில்லை. 2008-இல் கோயம்புத்தூர்ப் பக்கம் தென்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி தமிழ்நாட்டில் பப்பாளி, மல்பெரி, மரவள்ளி என்று அழித்துக்கொண்டே போனபோது, அதை அடக்கியது 2010-இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து கொண்டுவந்து விட்ட கண்ணுக்கே சரியாகத் தெரியாத ஒரு குளவி. உங்கள் மாடியிலும் குளவியும் பொறிவண்டும் வேலை செய்யத் தயாராக இருக்கும். அவற்றை விரட்டுவது எறும்பு. மாவுப்பூச்சி சுரக்கும் இனிப்பு நீருக்காக எறும்பு அதற்குக் காவல் நிற்கும், இளம் பூச்சியைப் புதுத் தளிருக்குத் தூக்கிக்கொண்டும் போகும். முதலில் எறும்பின் வழியை அடைத்துவிடுங்கள்: தொட்டியைச் செங்கல் மேல் தூக்கி வைத்து, அடித்தண்டில் துணி சுற்றி அதில் கிரீஸ் தடவுங்கள். பிறகு மோசமான கிளைகளை வெட்டிவிட்டு, மிச்சத்தைத் தண்ணீர்ப் பீய்ச்சலால் அடித்துக் கழுவுங்கள். லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயைக் கொஞ்சம் சோப்புக் கரைசலோடு கலந்து, மாலையில் அந்தச் செடிக்கு மட்டும் தெளியுங்கள். அதற்கு முன் ஒன்று: மாவுப்பூச்சிக் கூட்டத்துக்கு நடுவே உருவில் பெரிதாக, நீண்ட வெள்ளை இழைகளோடு, சுறுசுறுப்பாக ஊரும் புழு தெரிந்தால் அது மாவுப்பூச்சி இல்லை. 1898-இல் நம் நாட்டுக்குக் கொண்டுவரப்பட்ட, மாவுப்பூச்சியைத் தேடித் தின்னும் கிரிப்டோலீமஸ் என்னும் பொறிவண்டின் குஞ்சு அது. அது இருக்கும் கிளையை வெட்டாதீர்கள், தெளிக்கவும் வேண்டாம்.

நர்சரி மருந்தைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அது எந்த மருந்து என்று நீங்கள் எழுதவில்லை. மோனோகுரோட்டபாஸ் என்னும் பூச்சிக்கொல்லியைக் காய்கறியில் அடிக்க 2005-லேயே தடை வந்தும் அது கைமாறிக்கொண்டே இருந்தது; எந்தக் குப்பியானாலும் பெயர் பார்க்காமல் வாங்காதீர்கள். மருந்து பட்ட புழு உடனே சாகாமல் தள்ளாடும். தள்ளாடும் புழுதான் தாய்க்குருவிக்கு எளிதில் கிடைக்கும், அது நேரே குஞ்சின் வாய்க்குப் போகும். தையல்சிட்டு அடைகாக்க ஏறக்குறைய 12 நாள், குஞ்சு பறக்க இன்னும் இரண்டு வாரம். ஒரு மாதம் அந்தக் கத்தரிச் செடியில் வேப்பெண்ணெய்கூட வேண்டாம். கூடு இருக்கும் கிளையைத் தொடாமல் மற்றக் குருத்துகளை மட்டும் கிள்ளுங்கள். குஞ்சுகள் பறந்த பிறகு அந்த இலையைத் தாராளமாக வெட்டலாம். அடுத்த கூட்டுக்குத் தையல்சிட்டு புது இலையைப் பார்த்துக்கொள்ளும்.