எல்க் வேட்டைல எந்தச் சத்தம் எப்போ குடுக்கணும்?

தம்பி, டென்வர் வந்து எட்டு மாசம் ஆச்சு, ஆபீஸ்ல கூட வேலை பாக்குற ஒருத்தர் செப்டம்பர்ல வில்லு வேட்டைக்கு கூப்பிட்டிருக்கார், கடைக்குப் போய் எல்க்குங்கிற பெரிய மான வரவைக்கிற கால் (call, அது மாதிரி சத்தம் குடுக்கிற ஊதல்) மூணு விதமா வாங்கிட்டு வந்துட்டேன், யூட்யூப்ல ஆளுக்கு ஒண்ணு சொல்றான், எந்தச் சத்தத்த எப்போ குடுக்கணும்னு தலையும் புரியல வாலும் புரியலன்னு கேட்டிருந்த. நான் கொலராடோ வந்து 18 வருஷம், அதுல 13 செப்டம்பர் மலையில போயிருக்கு, முதல் மூணு வருஷம் வெறுங்கையோடதான் இறங்கினேன். மூணு வருஷமும் ஒரே காரணம்தான், வாய மூட மாட்டேன். அதனால நான் சொல்றதுல பாதி எப்போ சத்தம் குடுக்கக் கூடாதுன்னுதான் இருக்கும், பொறுத்துக்க.

மொதல்ல பேப்பர் விஷயத்த முடிச்சுருவோம். நீ ஹெச்1பி விசால இருந்தா, வேட்டை லைசென்ஸ் கையில இல்லாம துப்பாக்கிய தொடக்கூட கூடாது, ஃபெடரல் சட்டம், வெளையாட்டு இல்ல. வில்லுக்கு அந்தச் சிக்கல் கிடையாது. ஹன்டர் எஜுகேஷன் கார்டு கட்டாயம் வேணும், 1949 ஜனவரி 1ஆம் தேதியோ அதுக்கு அப்புறமோ பொறந்த எல்லாருக்கும் அந்த விதி உண்டு. கொலராடோல தொடர்ந்து ஆறு மாசம் குடியிருந்தா ரெசிடென்ட் லைசென்ஸ் எடுக்கலாம், வெளிமாநிலத்துக்காரன் கட்டுறது அதுல பத்து மடங்குக்கு மேல, அதனால உன் எட்டு மாசத்துக்கு ப்ரூஃப் ரெடியா வச்சுக்க. எந்த யூனிட்டுக்கு (வேட்டைப் பகுதி) எந்த டேக்னு (வேட்டை அனுமதிச் சீட்டு) வருஷா வருஷம் மாறும், அந்த வருஷத்து வேட்டை விதி ப்ரோஷர படிக்காம யார் பேச்சையும் நம்பாத, என் பேச்சையும் சேத்துதான்.

சரி, சத்தத்துக்கு வருவோம். எல்க்குன்னா நம்மூரு புள்ளிமான் மாதிரி நெனச்சிராத, கடமான் ஜாடை, ஆனா அதவிடப் பெருசு, வளந்த ஆணு 300 கிலோ தாண்டும். இங்க ஆண "புல்"லும்பான், பொட்டைய "கவ்"வும்பான் (காளை, பசுங்கிற மாதிரி), நமக்கு புல்லுன்னா அது திங்கிற ஐட்டம், அதனால நான் கிடான்னே சொல்றேன். அந்த 300 கிலோ உடம்புலேருந்து வர்ற சத்தத்த மொதல் தடவ கேட்டப்போ துருப்பிடிச்ச இரும்பு கேட்ட யாரோ மெதுவா தெறந்துட்டு கடைசில நாலு தடவ இருமின மாதிரி இருந்துச்சு, விடியக்காலை அஞ்சு மணி, டென்ட்டுக்குள்ள முடியெல்லாம் நட்டுக்கிச்சு. அதுதான் ப்யூகிள். கடைசி இருமல் இருக்கே, அதுக்கு சக்கிள்னு பேரு.

இப்போ நான் லேட்டா புரிஞ்சுக்கிட்ட விஷயம் ஒண்ணு. நீ பொட்டை மாதிரி கத்தினா கிடா ஓடி வரும்னுதான எல்லாரும் நெனைக்கிறோம், ஆனா காட்டுல வழக்கம் அப்படியே தலைகீழ், கிடா நின்ன எடத்துல நின்னு ப்யூகிள் குடுக்கும், பொட்டைதான் அது இருக்கிற எடத்துக்குப் போகும். அப்போ நீ பொட்டைச் சத்தம் குடுத்து அது திருப்பி ப்யூகிள் அடிச்சா அதுக்கு அர்த்தம் "வர்றேன்"னு இல்ல, "நீ இங்க வா"ன்னு. நீ போக மாட்ட, அதுவும் வராது, ரெண்டு பேரும் அரை மணி நேரம் மாறி மாறி கூப்பிட்டுட்டு அது கடுப்பாகி போயிரும். என் மொதல் வருஷம் பூரா இப்படித்தான் போச்சு. நம்ம ஊர்ல மானைக் காட்டி மானைப் பிடிக்கிறதும்பாங்க, கௌதாரிய கூண்டுல வச்சு காட்டுக் கௌதாரிய வரவைக்கிறதும் அதே கணக்குதான் (1972 சட்டத்துக்கு அப்புறம் அதெல்லாம் தப்பு, செய்யாத). அங்க காட்டுறதுக்கு ஒரு உயிர் இருந்துச்சு, இங்க உன் தொண்டைய தவிர வேற ஒண்ணும் இல்ல, அதனால அந்தச் சத்தம் பொய் சொன்னா பொருத்தமா சொல்லணும்.

பொருத்தம்னா, எதிர்ல இருக்கிறது யாருன்னு தெரியணும். மூணு வகை கிடா இருக்கு. ஒண்ணு பொட்டைங்கள கூட்டமா சேத்து வச்சுருக்கிற பெரிய கிடா, ரெண்டாவது அந்தக் கூட்டத்த சுத்தி சுத்தி சான்ஸுக்கு அலையுற கிடா, மூணாவது ஒண்ணும் தெரியாத சின்னப் பய. ரெண்டாவது மூணாவது ரெண்டுக்கும் பொட்டைச் சத்தம் போதும், மெதுவா ஒரு மியூ, மேல ஆரம்பிச்சு கீழ இறங்கணும், ரெண்டு நிமிஷம் கழிச்சு இன்னொண்ணு, அப்புறம் பத்து பதினஞ்சு நிமிஷம் கம்முனு இரு. இதுங்க பெரும்பாலும் சத்தமே இல்லாம வரும், குச்சி ஒடியுற சத்தம் கேக்குறப்பவே 40 யார்டுக்குள்ள நிக்கும், நீ "ஒண்ணும் வரல"ன்னு எந்திரிச்சா அது காட்டுறது அதோட வெள்ளைப் பின்பக்கத்தத்தான். வாப்பிட்டின்னு இதுக்கு இன்னொரு பேரு உண்டு, ஷானி பழங்குடி மொழில வெள்ளைப் பின்பக்கம்னு அர்த்தமாம், எனக்கு அந்த அர்த்தம் முழுசா புரிய ரெண்டு வருஷம் ஆச்சு, ஏன்னா ரெண்டு வருஷமும் அத மட்டும்தான் பாத்தேன்.

பெரிய கிடாதான் கஷ்டம். அதுக்கு ஏற்கனவே பத்து பதினஞ்சு பொட்டை இருக்கு, ஒவ்வொண்ணும் பருவத்துக்கு வர்றது ஒரு நாளுக்கும் கம்மியான நேரம்தான், அத விட்டுட்டு 300 யார்டு தள்ளி எவளோ கூப்பிட்டான்னு அது ஏன் வரணும்? இந்த எடத்துலதான் நான் பண்ணின பெரிய முட்டாள்தனம். மூணாவது வருஷம், ஃப்ளாட் டாப்ஸ் மலைப் பக்கம், கிட்டத்தட்ட 10,000 அடி உயரம், ஆஸ்பென் மரம் மஞ்சளாக ஆரம்பிச்ச நேரம், எதிர் சரிவுல ஒரு பெரிய கிடா கத்திக்கிட்டே இருந்துச்சு. நான் என்ன பண்ணினேன், ட்யூப (ப்யூகிள் ஊதுற குழாய்) எடுத்து இருக்கிற பலமெல்லாம் கூட்டி சண்டைக்கு கூப்பிடுற ப்யூகிள் ஒண்ணு, கூடவே சக்கிள், பெரிய ரவுடி மாதிரி. அது ஒரு தடவ பதில் குடுத்துச்சு, அவ்ளோதான், பைனாகுலர்ல பாக்குறேன், பொட்டைங்கள எல்லாம் முட்டி ஓட்டிக்கிட்டு மலை தாண்டி போயிருச்சு. அதுக்குப் பயம்னு இல்ல. தூரத்துல ஒரு எதிரி இருக்கான், நேரம் இருக்கு, குடும்பத்த கூட்டிட்டு கெளம்புவோம், நாம இருந்தாலும் அதத்தான செய்வோம். அதே ப்யூகிள 80, 100 யார்டுக்குள்ள போய் நின்னு குடுத்திருந்தா கதை வேற, அவ்ளோ கிட்ட இன்னொருத்தன் வந்துட்டான்னா அதுக்கு ஓட நேரம் இல்ல, திரும்பி மோதத்தான் வரணும். சண்டை ப்யூகிள் தப்பே இல்ல, நான் நின்ன எடம்தான் தப்பு.

அப்போ தூரத்துலேருந்து ப்யூகிளே குடுக்கக் கூடாதான்னு கேப்ப. குடுக்கலாம், வேற மாதிரி. விடியறதுக்கு முன்னாடி மலை முகட்டுல நின்னு சாதாரணமா நீளமா ஒரே ஒரு ப்யூகிள், கோவம் இல்லாம, கடைசில சக்கிள் இல்லாம, "நான் இங்க இருக்கேன், நீ எங்க"ன்னு கேக்குற மாதிரி. பதில் வந்தா வாய மூடிட்டு நட. அது எங்க இருக்குன்னு தெரிஞ்சுக்கத்தான் அந்தச் சத்தம், வரவைக்கிறதுக்கு இல்ல. கிட்டப் போனதும் ட்யூப்ல ஊதுறதவிட ஒரு காஞ்ச கட்டைய எடுத்து மரத்துல வறட் வறட்டுனு தேய்ச்சு உடைக்கிறது பல நேரம் நல்லா வேலை செய்யும், கிடா கொம்பால மரத்த உரசுற சத்தம் அது, காசும் கிடையாது. என் அனுபவத்துல இத யாரும் சரியா செய்யுறதில்ல, கூச்சப்பட்டு மெதுவா தேய்க்கிறாங்க, 300 கிலோ மிருகம் கோவத்துல இருந்தா எப்படி தேய்க்கும், நீயே யோசி.

இதோட தேதியும் சேரும். வில்லு சீசன் இங்க செப்டம்பர் 2லேருந்து 30 வரைக்கும். மொத வாரம் கிடாங்க பெருசா கத்தாது, மெதுவா பொட்டைச் சத்தம், குட்டிச் சத்தம், அதுக்கு மேல வேணாம். நடு மாசத்துக்கு அப்புறம் காடே அலறும், அப்போதான் ப்யூகிள். பருவப் பொட்டை மாதிரி இழுத்து முனகுற சத்தம் ஒண்ணு இருக்கு, கடைக்காரன் அத பெருசா சொல்லி வித்திருப்பான், நான் மாசக் கடைசில ரெண்டு மூணு நாள் தவிர அத தொடுறதே இல்ல. செப்டம்பர் 3ஆம் தேதியே அத குடுக்கிறது சித்திரைல பொங்கல் வாழ்த்து சொல்ற மாதிரி. குட்டிச் சத்தம் குடுக்கிறப்போ பின்னாடியும் ஒரு கண்ணு இருக்கட்டும், கரடியும் மலைச் சிங்கமும் (ப்யூமா) அதக் கேட்டு சாப்பாட்டு நேரம்னு வந்துரும்.

காத்து. சத்தம் 100க்கு 100 சரியா இருந்தாலும் காத்து தப்பா இருந்தா முடிஞ்சது. காலைல குளிர்ந்த காத்து மலைலேருந்து கீழ இறங்கும், வெயில் ஏறினதும் கீழேருந்து மேல போகும், மாறுற அந்த ஒரு மணி நேரம் எங்க வேணா சுத்தும், அப்போ நான் கூப்பிடவே மாட்டேன், உக்காந்து இட்லி திம்பேன் (ஆமா, மொளகாப் பொடி தடவி கட்டிட்டுப் போறது, வாசன வரும்னு திட்டுவாங்க, நான் விடல). கிடா கிட்ட வர்றப்போ நேரா வராது, அரைவட்டமா சுத்தி உன் காத்து வாங்குற பக்கம் போய் மோந்து பாத்துட்டுதான் முடிவு பண்ணும். அதனால கூப்பிடுறவன் பின்னாடி, வில்லு வச்சிருக்கிறவன் 40, 50 யார்டு முன்னாடி, காத்து போற பக்கமா கொஞ்சம் ஒதுங்கி. இன்னொண்ணு, அது சத்தம் வந்த எடத்த கண்ணால பாக்குற வரைக்கும்தான் நடக்கும், பாத்து அங்க எல்க் எதுவும் இல்லன்னா நின்னுரும். சின்ன மேடு, அடர்த்தியான புதர், இதுக்குப் பின்னாடி நின்னு கூப்பிடு, எட்டிப் பாக்கணும்னா அது வில்லுக்காரன தாண்டித்தான் வரணும்.

திடீர்னு நாய் குரைச்ச மாதிரி ஒரு சத்தம் வந்தா உன்ன பாத்துருச்சு, ஆனா என்னன்னு புரியல. அசையாத. சில பேரு திருப்பி குரைப்பாங்க, எனக்கு ஒரு தடவகூட அது ஒத்து வரல.

வாங்கின மூணுல அமுக்குற கால் உனக்கு உடனே வரும், ஆனா ரெண்டு கையும் வில்லுல இருக்கிறப்போ அத அமுக்க ஆள் வைக்கணும். கடிச்சு ஊதுறது பரவால்ல. வாய்க்குள்ள அண்ணத்துல ஒட்டுற டயாஃப்ரம்தான் கடைசில கைகொடுக்கும், மொத ஒரு வாரம் குமட்டும், ட்ராஃபிக்ல கார்ல போறப்போ பழகு, வீட்ல வேணாம், என் வீட்ல "யாரோ பூனைய மிதிச்சுட்டாங்க"ன்னு கீழ்வீட்டுக்காரம்மா வந்து நின்னாங்க. சுத்தமா பழகணும்னும் அவசியமில்ல. நெஜ எல்க் கேவலமா கத்தும், பிசிறு அடிக்கும். ஒரு தடவ ரொம்ப அழகா, சொல்லி வச்ச மாதிரி ஒரே இடைவெளில பொட்டைச் சத்தம் வந்துச்சு, அழகா இருக்கேன்னுதான் எனக்கு சந்தேகமே, எட்டிப் பாத்தா மரத்துக்குப் பின்னாடி இன்னொரு வேட்டைக்காரர் என்னப் பாத்து ஊதிட்டு இருக்கார். மிருகத்த முழுசா கண்ணால பாக்காம அம்ப இழுக்காத. ஃபோன்ல ரெக்கார்டு போட்டு ஸ்பீக்கர்ல விடுற ஐடியா இருந்தா விட்டுரு, எலக்ட்ரானிக் கால் இங்க சட்டவிரோதம்.

பழகுறதுக்கு நெஜ வாத்தியார் வேணும்னா எஸ்டெஸ் பார்க் ஊருக்குப் போ, செப்டம்பர் சாயங்காலம் ராக்கி மவுன்டன் நேஷனல் பார்க்குள்ள மொரெய்ன் பார்க் மைதானம் பக்கம் ரோட்டோரமா நின்னு கேளு, 75 அடி தள்ளியே இரு. அங்க வேட்டையும் கிடையாது, கால் ஊதவும் கூடாது, டயாஃப்ரம கார்லயே வச்சுட்டுப் போ.

மிச்சத்த சொல்றதுக்கு முன்னாடி உன் ஆபீஸ் நண்பர்கிட்ட ஒண்ணு கேட்டுச் சொல்லு. யாரு கூப்பிடப் போறது, யாரு வில்லு பிடிக்கப் போறது? "ரெண்டு பேரும் ஒண்ணா உக்காந்துக்கலாம்"னு சொன்னார்னா எனக்கு ஃபோன் அடி, இந்த வருஷம் நானே பின்னாடி நின்னு கூப்பிடுறேன்.