மண்டபம் கடற்காற்றில் லேசர் பிரிண்டர்: தாள் சுருள்வது ஏன்?

கேள்வி: கடலோர மண்டபம் ஊரில் எங்கள் கைப்பந்து மன்றத்து நோட்டீஸ் அடிக்கும் சின்ன லேசர் பிரிண்டரில் தாள் சுருண்டு சிக்குகிறது, எழுத்தும் அங்கங்கே வெளிறுகிறது. டோனர் (மைத்தூள்) மாற்றணுமா?

அவசரப்பட்டு மாற்றாதீர்கள். முதலில் சந்தேகப்பட வேண்டியது தாளை. திறந்து கிடக்கும் தாள்கட்டு கடலோர ஈரத்தை உறிஞ்சிவிடும். ஈரத்தாளில் டோனர் சரியாகப் படியாது. அதனால்தான் திட்டுத்திட்டாக வெளிறல். டோனரை உருக்கித் தாளில் ஒட்டவைக்க 200 டிகிரியை ஒட்டிச் சூடாகும் ஃபியூசர் உருளையில் அந்த ஈரம் ஆவியாகும்போது தாள் சுருளும். வெளிவாயில் ஆவி பறந்தால் காரணம் இதுவேதான்.

புதுக் கட்டைப் பிரித்து 20 பக்கம் அடித்துப் பாருங்கள். சரியாக வந்தால் டோனர்மேல் பழியில்லை. மிச்சத்தை இறுக்கமான மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் வையுங்கள். ட்ரேயில் அன்றைக்குத் தேவையானது மட்டும். தாளின் கனம் 75 அல்லது 80 ஜிஎஸ்எம் போதும். இன்னும் சுருண்டால் ட்ரேயில் தாளைத் திருப்பிப் போடுங்கள், பிரிண்டர் அமைப்பில் (செட்டிங்ஸ்) 'மெல்லிய தாள்' தேர்ந்தெடுங்கள், சூடு குறையும்.

புதுத்தாளிலும் நெடுக ஒரே பட்டையாக வெளிறினால்தான் டோனர் தீர்கிறது. கார்ட்ரிட்ஜைப் பக்கவாட்டில் ஐந்தாறு தடவை மெதுவாக ஆட்டினால் இன்னும் கொஞ்சப் பக்கம் தேறும்.

கரண்ட் போனாலும் பிரிண்டரைக் கம்ப்யூட்டருக்கான சின்ன யுபிஎஸ்ஸில் மாட்டவே மாட்டாதீர்கள். ஃபியூசர் சூடேறும் நொடியில் இழுக்கும் மின்சாரத்தை அது தாங்காது.